நடுவிலிருந்து அறுத்த புல்

சேலைக் கரையெல்லாம் நாயுருவி விதை. மத்தியானத்துலேர்ந்து உக்காந்து பிச்சுக்கிட்டே இருக்கேன், தீரவே மாட்டேங்குது. பிச்சதை ஒரு கிண்ணத்துல போட்டு வைக்கிறேன். குப்பையில போடாம ஏன் சேத்து வைக்கிறேன்னு நீங்க ஒருத்தர்தான் கேக்க மாட்டீங்க. உங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு, நீங்க போன பிறகும் உங்க புல்லோடதான் மல்லுக்கட்டுறேன்.

அடுத்த வாரம் உங்களுக்குத் தலைத் திவசம். போனதுதான் போனீங்க, ஒரு மாசம் பொறுத்து, புல்லு விதை கொட்டுன பிறகு போயிருக்கக் கூடாதா? தை மாசமாப் பாத்துப் போயிட்டீங்க. முத்தித் தலை சாஞ்சு நிக்கிற நேரம். பந்தல் போடணும், அடுப்பு வெட்டணும், சொந்தபந்தம் உக்காந்து சாப்பிடணும். வீட்டை ஒட்டி இருக்குற இடம் உங்க புல்லு நிக்கிற அந்தக் கொல்லை ஒண்ணுதான். அது இடுப்பளவு காடாக் கெடக்குது.

திருப்பூர்லேர்ந்து நம்ம மகன் போன் போட்டான். "அம்மா, புல்லு மருந்து அடிச்சு விட்டுருங்க, கருகிரும். அப்பா இருந்தப்பத்தான் சொன்னாக் கேக்கல." சொன்னதோட விடல, ஆலங்குடிக் கடையில சொல்லி கேனும் அனுப்பி வச்சுட்டான்.

அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லைங்க. போர்ல தண்ணி வத்துனதும் கடலை போடுறதை நிறுத்தினீங்க. நாலு முந்திரிக் கன்னாவது வைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். "இருக்கட்டும் புள்ள." அவ்வளவுதான் உங்க பதில். டீக்கடையை மூடிட்டு வந்தா, கை காலு கழுவாம அங்க போய்க் குந்திருவீங்க. எருக்கு எலையில வரி வரியாப் புழு, துத்திச் செடியில ஜோடி ஜோடியாச் செவப்புப் பூச்சி, தும்பைப் பூவுல தேனீ. வா வான்னு என்னையும் கூப்புட்டுக் காட்டுவீங்க. அது பேரு என்னன்னு கேட்டா, "பூச்சி"ம்பீங்க. இதுக்கா என்னை அடுப்புலேர்ந்து எழுப்பினீங்கன்னு திட்டிட்டு வருவேன்.

மாசியில அறுக்குறப்ப இன்னொரு கூத்து. ஊர்ல எல்லாரும் ஓரத்துலேர்ந்து அறுப்பாங்க. நீங்க மட்டும் அருவாளோட நடுவுல போய் உக்காந்து, அங்கேர்ந்து சுத்திச் சுத்தி வெளிய வருவீங்க. "ஓரத்துலேர்ந்து வந்தா பூச்சியெல்லாம் நடுவுல மாட்டிக்கும் புள்ள. போறதுக்கு வழி விடணும்ல?" வேலிக்கிட்ட வந்ததும் நிறுத்திருவீங்க. ஒரு ஆள் அகலத்துக்குப் புல்லு சுத்திவர நிக்கும். தலைய அரைகுறையாச் செரைச்சு விட்ட மாதிரி இருக்கும் பாக்குறதுக்கு.

மகளைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என் மானம் போனது மறந்துருச்சா? மாப்பிள்ளையோட அம்மா காத்து வாங்க அங்கிட்டுப் போனாங்க. பட்டுச்சேலை பூரா ஒட்டுப்புல்லு. நான் பதறிப்போய் நிக்கிறேன், நீங்க அவுக காலடியில குந்திக்கிட்டு, "அசையாதீங்கம்மா, உங்க கொசுவத்துல ஒரு பச்சைப்புழு இருக்கு"ங்குறீங்க. அவுக போட்ட சத்தத்துல மாப்பிள்ளையே எந்திரிச்சு ஓடியாந்துட்டாரு. நீங்க நிதானமாப் புழுவை ஒரு எலையில ஏத்தி விட்டீங்க. பிச்ச விதையையும் உள்ளங்கையில சேத்து, கொண்டு போய் வேலியோரத்துல போட்டீங்க. "இவுக வீட்டு ஆம்பளைக்கு என்ன வேலை?"ன்னு அந்தம்மா கேட்டதுக்கு நான் என்னத்தச் சொல்ல? எப்படியோ கல்யாணம் நடந்துச்சு. அவுக இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாக.

நேத்து மருந்து அடிச்சுருவோம்னுதான் கேனைத் தூக்கிக்கிட்டுப் போனேன். மொத்தமாத் தொலையட்டும்னு எனக்கும் இருந்துச்சு. மூடியத் தெறந்தா நாத்தம் கொடலைப் புடுங்குது. கீழ வச்சுட்டு நிமிர்ந்தா, ஒரு புல்லுத் தண்டுல காஞ்ச நுரை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குது, கும்பிடுபூச்சிக் கூடு. அது பிரிஞ்சா எறும்பு எறும்பாக் குஞ்சு வரும்னு நீங்க காட்டுனது. இதையெல்லாம் எனக்கு எதுக்குங்க காட்டினீங்க? தெரியாம இருந்திருந்தா அடிச்சு முடிச்சிருப்பேன்.

கேனை மூடி, ஆலங்குடிக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன். இன்னைக்குக் காலையில புல்லு வெட்டுற மிஷின்காரரைக் கூப்பிட்டேன்.

"நடுவுலேர்ந்து வெட்டுங்க தம்பி."

"நடுவுக்கு எப்படி ஆத்தா போறது? ஹெலிகாப்டர்ல எறக்கி விடுவீங்களா?"

"நடந்துதான்."

"பாம்பு கெடக்கும் ஆத்தா."

"நான் முன்னாடி போறேன், பின்னாடி வாங்க."

கம்பால தட்டிக்கிட்டே நான்தான் முன்னாடி போனேன். சேலைக்கு வந்த கேடு இதுதான். அவரு சிரிச்சுக்கிட்டே மிஷினைப் போட்டாரு. வட்டம் பெருசாக ஆக, வெட்டுக்கிளியெல்லாம் பொரி தெறிக்கிற மாதிரி வேலியப் பாத்துத் தவ்வுது. "ஏங்க, இங்க பாருங்க"ன்னு திரும்பிட்டேன். திரும்பின இடத்துல காஞ்ச புல்லுதான் நின்னுச்சு. அப்படி ஒரு கோவம் வந்துச்சு உங்க மேல. காட்டுறதுக்கு ஆள் வேணும்னு பழக்கி விட்டுட்டு, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க.

பந்தலுக்கு வேணுங்குற எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டேன். கும்பிடுபூச்சிக் கூடு இருந்த தண்டை மொதல்லயே ஒடிச்சு வேலியில சொருகி வச்சேன். மகன் போன்ல, "அப்பா புத்தி உங்களுக்கும் வந்துருச்சாம்மா?"ங்குறான். "எனக்கு ஏன்டா வருது? பந்தலுக்கு அது போதும்"னு வச்சுட்டேன்.

திவசத்துக்குச் சம்பந்தியம்மா பட்டுச்சேலையோடதான் வருவாக. சொன்னாலும் கேக்காம வேலியோரம் போய் நிப்பாக. நீங்க இல்ல, நான்தான் குந்திப் பிச்சு விடணும். பிச்சதை எங்க போடணும்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்ணம் நெறஞ்சுருச்சு. கொட்டிட்டு வாரேன்.