‘ஏன்’ என்று கேட்கக் கூடாத வார்டு

9.11.1982
மழை. சீருடை காயாமல் ஈரத்தோடுதான் டூட்டிக்குப் போனேன். பத்து மணிக்கு எஸ்டேட் லோரியில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அம்சவல்லி, வயது பதிமூன்று. தானே உயிரை விடப் பார்த்திருக்கிறாள். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் தாப்பா ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. இந்த மலை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்கென்று தனி அறையா இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், டாக்டர், நர்ஸ் நான். மாறி மாறி மூச்சுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தோம். எவ்வளவு சின்னக் கை அவளுக்கு!

10.11
தானாக மூச்சு விடுகிறாள். தானாக!

11.11
தொண்டையில் விட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்தாயிற்று. முதல் பேச்சே என்னைப் பார்த்து, “மிஸ்ஸி, பசிக்குது.” ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தேன். அதற்குள் அவள் அம்மா இராசம்மா உள்ளே வந்து, “ஏண்டி இப்படிப் பண்ணுன?” என்று அழ, பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போனது. எனக்கு வந்ததே கோபம்! “இந்த வார்டுல இனிமே யாரும் ஏன்னு கேக்கக் கூடாது. அதை டாக்டர் தனியா கேட்டுக்குவாரு” என்று கத்திவிட்டேன். நர்ஸுக்கு இவ்வளவு வாய் ஆகுமா? டாக்டர், “நல்ல சட்டம் மிஸ்ஸி” என்றார்.

14.11, ஞாயிறு
கொழுந்து பறிக்கும் பெண்கள் மூவர் பார்க்க வந்தார்கள். ஏன் என்று கேட்க முடியாது; வேறென்ன பேசுவதாம்? கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மணியம்மா, “நேத்து கங்காணி வழுக்கி உருண்டுட்டாரு லா. போட்டிருந்த சிலுவார் பின்னாடி கிழிஞ்சு போச்சு!” என்றாள். “கிழியலடி, தையல்தான் விட்டுச்சு” என்றாள் இன்னொருத்தி. “நீ போயி கிட்ட பாத்தியாக்கும்?” சண்டையே வந்துவிட்டது. அம்சவல்லி சிரித்தாள். கரகரத்த தொண்டையோடு, விக்கி விக்கி. எனக்குத்தான் கண்ணீர்.

17.11
அப்பா நல்லுசாமி இன்றுதான் வந்தார். பரீட்சையில் தோற்றதற்கு நாலு பேர் முன்னால் திட்டியவர். அது மட்டுமே காரணமில்லை, பல நாள் மனப்பாரம் என்கிறார் டாக்டர். வாசலிலேயே நின்று, “நீ வீட்டுக்கு வந்தா போதும் தாயி” என்றார். அவள் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். உட்கார்ந்தார்.

23.11
வீட்டுக்குப் போனாள். மாதம் ஒருமுறை டாக்டரிடம் வந்து பேச வேண்டும். வருவாளா?

8.3.1983
தவறாமல் வருகிறாள். கன்னத்தில் சதை வைத்துவிட்டது. அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். “அன்னிக்கி வர முடியாது மிஸ்ஸி” என்றாள். பேனாவைக் கீழே வைத்தேன். “ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ். ரிலேல கடைசியா ஓடுறது நான்தான். நான் இல்லன்னா டீமே இல்ல லா.”
தேதியை அடித்துவிட்டு வேறு தேதி போட்டேன்.