வேண்டுதல் பாக்கி

சனிக்கிழமை, 12.7.2003

தூக்கமே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்!

இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. எதைக் கேட்டாலும் எல்லாரும் "நல்லா கீறேன்" என்றுதான் சொல்கிறார்கள். நானே வீட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடுகிறேன் என்று, என்னை அனுப்பும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்.

இன்று கே.ஜி.கண்டிகையில் கன்னியம்மா அக்கா. வால்வு மாற்றி ஒரு வருடம் ஆகிறது. மூச்சு வாங்குகிறதா என்றேன். "இல்லமா, நல்லா கீறேன்." களை பிடுங்கப் போகிறீர்களா? "ஆங், போறேன்."

கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "முருகனுக்கு வேண்டிக்கினுதானே ஆபரேஷனுக்குப் போனீங்க, மொட்டை போட்டாச்சாக்கா?"

முகம் வாடிவிட்டது. "எங்கமா! மலைக்குப் படியேறி வர்றேன்னு வேண்டிக்கினேன். ரெண்டு தபா போயி, பாதிப் படியிலயே மூச்சு முட்டித் திரும்பிட்டேன். பஸ்ஸுல போனா வேண்டுதல் தீருமா?"

படிவத்தில் 'மூச்சு வாங்கவில்லை' என்று எழுதியிருந்ததை அடித்தேன். இந்தப் பக்கத்தில் வேண்டிக்கொள்ளாமல் ஆபரேஷனுக்குப் போனவர் யார்? இனி என் முதல் கேள்வியே 'வேண்டுதல் தீர்ந்ததா' என்பதுதான். டாக்டரம்மா சிரித்தால் சிரிக்கட்டும். திங்கட்கிழமை அக்காவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

"அப்புறம் ஏன்க்கா நல்லா கீறேன்னீங்க?" என்று கேட்டதற்கு, அவர் முருகன் கோயில் மலைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உசுரக் குடுத்தவரு அங்கதான கீறாரு. அவரு காதுபட நல்லா இல்லன்னு எப்படிமா சொல்றது?"