டைரக்டர் கேட்ட ரேட்

கிட்வாய் நகர்,
டிசம்பர் 1978

என் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

குழந்தைக்கு ஜுரம் விட்டுவிட்டது. நீ தொப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்த ரப்பர் முயலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான்.

அக்கா வீட்டுப் பிறந்தநாள்தானே என்று காசு பேசாமல் உன்னை மேஜிக் செய்யக் கூப்பிட்டது நான். மச்சினன் மேஜிக்காரன் என்று ஆபீஸில் தெரியக்கூடாது என உன் அத்திம்பேர் காலையிலேயே சொல்லியிருந்தார். விருந்துக்கு வந்திருந்த ஆபீஸ் டைரக்டர் உன்னைக் காட்டி, "இவருக்கு என்ன ரேட்?" என்றபோது, "தெரிஞ்ச ஆள் சார், கொறச்சுண்டுதான் வந்தார்" என்றார் அத்திம்பேர். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஞாயித்துக்கிழமைன்னா ஜாஸ்தி சார். ஷாதராவிலேர்ந்து வரணும், அதுக்குத் தனி. கூட ஆள் வேணும்னா இன்னும் ஏறும். இந்தக் குழந்தைக்கு மட்டும் நான் ரேட் பேசலை" என்று நீ சொன்னது சமையலறை வரை கேட்டது. பிறகு ஷாமியானா கட்டியவர்களோடு படியில் உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் சாப்பாட்டுத் தட்டை அங்கே அனுப்பியதும் நான்தான்.

ஜனவரியில் டைரக்டரின் பேரனுக்குப் பிறந்தநாளாம். அதே குறைந்த ரேட்டுக்கு உன்னை வரச்சொல்லி எழுது என்று அத்திம்பேர் மூன்று நாளாகச் சொல்கிறார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குறைத்துக்கொள்ளாதே. ஞாயிறு, தூரம், கூட வரும் ஆள், எல்லாவற்றையும் சேர்த்தே கேள். எங்களை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், அந்தக் குழந்தைக்கு நான் மாமா என்று சொல்லிவிடு.

அதைக்கூட உன்னையே சொல்லச் சொல்கிறேன், பார்.

உன் அக்கா