மிதக்காத காந்தம்

நேற்று ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குள் ஐஸ்கிரீம் விற்கும் பெண் ஒருத்தி, பால் ஊற்றிய பாத்திரத்தில் திரவ நைட்ரஜனைச் சாய்த்தாள். வெள்ளைப் புகை மேசையில் வழிந்து தரைக்கு இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைபேசியை நீட்டிப் படம் பிடித்தார்கள். எனக்கு வந்தது கோபம். சொல்லியிருந்த ஐஸ்கிரீமை வாங்காமலே வெளியே நடந்துவிட்டேன். "என்னாச்சு ஒங்களுக்கு?" என்று மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். அவளுக்கு என்ன சொல்வது?

கோபம் உன்மேல்தான். செத்துப்போனவன்மேல் கோபப்படுவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆனால் இந்தக் கோபத்துக்கு வயது அதிகம். எண்பத்தேழாம் ஆண்டிலிருந்து இதை வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னாலும் ஒரு கோபம் உண்டு, அது உன்மேல் அல்ல. சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள் நாம். பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவத் தேர்வில் பௌதிகத்திலும் கணக்கிலும் உன்னைத் தொட ஆள் இல்லை. மலாய்த் தாளில் மட்டும் கோட்டை விட்டாய். அந்த ஒரு தாளுக்காகச் சான்றிதழே இல்லை என்றார்கள். உன்னைப் பார்த்து எழுதித் தேறிய நான் பல்கலைக்கழகம் போனேன். நீ ஜெலாப்பாங்கில் டைல் தொழிற்சாலைச் சூளைக்குப் போனாய். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. நீயோ ஒரு நாளும் கடித்ததில்லை.

எண்பத்தேழில் அந்தச் செய்தி வந்தது. மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் கடத்தும் பொருள்களைப் பற்றி. அதுவரை அவற்றுக்கு ஹீலியம் வேண்டும், அவ்வளவு கடுங்குளிர். புதிதாக வந்த, பீங்கான் போன்ற கருப்பு ஓட்டுக்குத் திரவ நைட்ரஜனே போதும் என்றார்கள். நீ அந்தக் கட்டுரையை எங்கிருந்தோ நகலெடுத்து, மடித்து மடித்துத் துணிபோல ஆக்கிக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்தாய்.

"மச்சான், இது தொண்ணூறு கெல்வினுக்கு மேலயே வேல செய்யுது. நைட்ரஜன் எழுபத்தேழு. மாட்டு ஆபீஸ்ல காள விந்து வச்சிருக்கான் பாரு, அந்தக் குளிரே போதும்லா."

எந்த வெப்பநிலையில் தடை மறைகிறது, அதை ஏற்றுவது எது, இறக்குவது எது என்று காப்பி ஆறும்வரை சொன்னாய். "பழைய உலோகத்துல அணு எடை கூடுனா கொஞ்சம் எறங்கும். இதுல அழுத்துனா ஏறுச்சு. வெளியேருந்து எவ்வளவுதான் அழுத்த முடியும்? அதான் உள்ள இருந்த பெரிய அணுவத் தூக்கிட்டு சின்ன அணுவ வச்சான். அது உள்ளேருந்தே இழுத்துப் புடிக்கிது. ஆக்சிஜன் கொறஞ்சா எறங்கிரும், அதனால மெதுவா ஆற வைக்கணும். அழுக்கு சேந்துச்சோ, போச்சு." வகுப்பில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை. பட்டம் வாங்கியவன் நான்.

ஈப்போவில் ஒரு கல்லூரி விரிவுரையாளரிடம் உன்னை அழைத்துப் போனதும் நான்தான். தைப்பிங்காரர், கழுத்துப்பட்டை தளராத மனிதர். நீ பேசியதைக் கேட்டு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றார். "அந்தக் கருப்பு ஓட்டில் ஒரு வில்லை செய்து கொண்டு வாருங்கள். நைட்ரஜனின் குளிரில் தடை மறைந்து அதன்மேல் காந்தம் மிதந்தால், சான்றிதழ் இல்லாவிட்டாலும் உங்களுக்காக நான் பேசுவேன்." தன் அலமாரியிலிருந்து மூன்று பொடிகளை நிறுத்துக் கொடுத்தார். அவற்றில் யிட்ரியம் ஒரு தடவைக்குத்தான் காணும். வெளியே வந்ததும் நீ மோட்டார் சைக்கிளைக் கிளப்ப மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

பொடிகளை அரைக்க ஒரு பீங்கான் கல்வம் தேவைப்பட்டது. நான் பாடம் நடத்திய பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நல்லதாகவே ஒன்று இருந்தது. எனக்குத்தான் கிறுக்கு. நம் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று, ரப்பர் பால் தொழிற்சாலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலைச் சோதிக்கும் அறையிலிருந்து ஒரு கல்வத்தைத் தூக்கி வந்து வைத்திருந்தேன். நம் ஆத்தாமார் வெட்டிய பாலுக்கு மருந்து அரைத்த கல்வத்திலேயே நீ ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. பிடிவாதமாக அதையே எடுத்து வந்து, நானே உட்கார்ந்து அரைத்தேன்.

"ஆசிட் ஊத்திக் கழுவுனியா?" என்று கேட்டாய்.

"கழுவியாச்சு, கழுவியாச்சு" என்றேன். குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதனைச் சூளையில் நீ அதைச் சுட்டாய். முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய ஆக்சிஜன் உருளையைத் திறந்து விட்டு, டிகிரி டிகிரியாக ஆற வைத்தாய். வில்லை கருப்பாக, அழகாக வந்தது.

விரிவுரையாளர் அறையில் நுரைக் கோப்பையில் வில்லையை வைத்து நைட்ரஜனை ஊற்றினார். கொதிப்பு அடங்கியதும் காந்தத்தை மேலே வைத்தார். அது கல் மாதிரிக் கிடந்தது. எடுத்து மறுபடி வைத்தார். கிடந்தது. இன்னும் குளிர்ந்திருந்தால் மிதந்திருக்கும். எழுபத்தேழுக்குக் கீழே போக அந்த அறையில் வழியில்லை.

"பொடியில் ஏதோ கலந்திருக்கிறது. யார் அரைத்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் சார்" என்றாய். திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பொய். எனக்கு நேரம் இருந்தது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டைல் சூளைக்காரனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், உன்னைப் பார்த்துக்கூட அல்ல. அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் என்னைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டாய். கல்வத்தின் கீறல்களிலிருந்து ஊசியால் சுரண்டிய வெள்ளைப் பொடி கரண்டியில் இருந்தது. நெருப்பில் காட்டினாய், மஞ்சளானது. ஆறியதும் வெள்ளைக்குத் திரும்பியது.

"ஜிங்க், மச்சான். பாலு கெடாம இருக்க ஜிங்க் ஆக்சைடு அரைச்சிருக்கானுங்க. வெள்ளக் கல்வத்துல வெள்ளப் பொடி, யாருக்குத் தெரியும்? இது தாமிரத்தோட எடத்துல போயி குந்திக்கிச்சின்னா, நூத்துல ரெண்டு மூணே போதும், அந்தத் தொண்ணூற எழுபத்தேழுக்கும் கீழ எறக்கிரும்."

ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாக ஆக்சைடு, தண்ணீரில் கரையாது, அமிலத்தில்தான் கரையும். அதை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுபவன் நான்.

"நான் போயி அவருகிட்ட சொல்லிர்றேன்" என்றேன்.

"வேணாம்லா. நீ இன்னும் வேலையில நிரந்தரம் ஆகல. அந்தாளு ஒங்க ஹெட்மாஸ்டரோட கூட்டாளி. எதுக்கு வம்பு? எனக்குச் சூள இருக்கு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்காகத்தான் நான் உன்னை மன்னிக்கவில்லை. நீ ஒரு அறை விட்டிருக்கலாம். போடா, போய்ச் சொல்லு என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். ஒரு வார்த்தையில் என்னை விடுவித்துவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் நகர்த்தினாய். நான் தின்றேன். அடுத்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. நீ இருபத்தைந்து வருடம் அந்தத் தூசியில் நின்றாய். கடைசியில் மருத்துவர் உன் நெஞ்சுப் படத்தைக் காட்டி, எங்கே வேலை பார்த்தார் என்றுதான் முதலில் கேட்டார்.

உன் பெருந்தன்மை யாருக்கு வேண்டும்? உனக்கு அது ஒரு மதியத்தோடு முடிந்தது. நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

சுமப்பது அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், அப்பாவுக்கு ஒரு காலேஜ் வேல வந்துச்சாமே, அது ஏன் கெடைக்கல?" என்று கேட்டாள். சுற்றிலும் ஆட்கள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "அரைக்கிறப்ப ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டாரும்மா" என்றேன். நீ செத்த பிறகும், உன் வீட்டுக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"அப்பா எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டாரே" என்றாள். அவள் நம்பவில்லை. அந்த நம்பாமைக்கு முன்னால் கூசிப்போய் எழுந்து வந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். யார் அரைத்தது, எதில் அரைத்தது, எதனால் கழுவியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போகிறேன். இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீ வேணாம்லா என்பாய், நான் அன்றுபோல் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவேன்.