முன்தூணில் சிவப்புத் துணி

சவாயி, சமோவா
செப்டம்பர் 6

அன்பு மகள் லூசியாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சிமியும் ரூத்தாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டால் போதாது, பெற்றவளுக்கும் அந்த எண்ணம் வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நடுவில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

அடுத்த மாதம் வெள்ளை ஞாயிறில் பிள்ளைகள் இருவரும் வெள்ளை உடுத்திக் கோயிலில் வசனம் சொல்லட்டும் என்று ஆக்லாந்திலிருந்து கூட்டி வருகிறேன் என்றாய், மகிழ்ந்தேன். தட்டம்மை ஊசி போட்டாயா என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் போடலம்மா, அது உடம்புக்கு ஆகாதுன்னு இங்க சொல்றாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பெண்கள் குழுத் தலைவி வீட்டுலயே இப்படியான்னு உங்களுக்குத்தான் கேவலம்" என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சேப்பங்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. கேவலமாம்! உபதேசியார் மனைவி மாசினாவைக் கேள், கேவலத்துக்குப் பயந்தால் என்ன ஆகும் என்று சொல்வாள். இங்கே தட்டம்மை பரவிய வருடம், ஊசி போடாத பிள்ளை இருக்கும் வீட்டு முன்தூணில் சிவப்புத் துணி கட்டுங்கள், வேன் நின்று போட்டுவிட்டுப் போகும் என்று செவிலியர்கள் சொன்னபோது நான்தான் வீடு வீடாகத் துணி கிழித்துக் கொடுத்தேன். மாசினாவும் கட்டினாள். ஆனால் வேன் வந்த அன்றுதான் எங்கள் குழு ஊரின் சுத்தம் பார்க்கப் போகும் நாள். அவள் பாயை உதறி, கொசுவலையை மடித்து, வாசல் கற்களைக்கூடக் கழுவிவிட்டு, தூணில் கந்தல் தொங்கினால் நாங்கள் குறை சொல்வோம் என்று அதையும் அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டாள். வேன் நிற்காமல் போய்விட்டது. அது மறுபடி வருவதற்குள் அவள் மகள் லாகிக்குத் தட்டம்மை கண்டது. உயிர் பிழைத்தது, காது போய்விட்டது. வெள்ளை ஞாயிறுக்காகக் கற்ற வசனத்தை அந்தக் குழந்தை இன்னும் சொல்கிறது, தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திக் கத்திச் சொல்கிறது. "அந்தத் துணி வீட்டுக்கு அசிங்கம்னு நெனச்சிட்டேம்மா" என்று மாசினா என் மடியில் விழுந்து அழுதாள். அவள் பள்ளியைப் பாதியில் விட்டவள். நீ என்னைப் போலக் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், உனக்கு என்ன கேடு? ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகள் கோயிலில் வரிசையாகப் பாயில் கிடக்கும். அவர்கள் நடுவில் உன் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு செபமாலை உருட்ட வேண்டுமா?

நேற்றுக் காலை நம் வீட்டு முன்தூணில் நானே சிவப்புத் துணி கட்டினேன். எதிர்வீட்டு ஒஃபீசா நின்று பார்த்து, "என்ன தலைவியம்மா, இந்த வயசுல தொட்டில் கட்டப் போறீங்களா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் மக பிள்ளைங்களுக்கு ஊசி போடல, அதுக்குத்தான்" என்று தெருவே கேட்கச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆக, நீ மறைக்கச் சொன்னது மாலைச் செபத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி உனக்கும் மறைக்க ஒன்றுமில்லை, எனக்கும் இல்லை.

உடனே ஊசி போடு, போட்டு இரண்டு வாரமாவது கழித்து விமானம் ஏறு. போடாமல் வந்தால் பேரப்பிள்ளைகள் என்றும் பார்க்க மாட்டேன், ஊருக்குள் விடமாட்டேன். வெள்ளை உடுப்பு இரண்டும் தைத்துக் கஞ்சி போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரூத்தா வளர்ந்திருந்தால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம் என்று ஓரத்தில் கொஞ்சம் மடித்துத் தைத்திருக்கிறேன். தேவமாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். நான் அவிழ்க்க மாட்டேன். ஊசி போட்ட பிள்ளைகளோடு நீயே வந்து அவிழ்.

உன் அம்மா,
தெரேசியா