தண்ணீரின் பிடிவாதம்

மார்ச் 4, செவ்வாய்
துறைமுகத்தில் இன்றும் நிலக்கரித் தூசியோடு மல்லுக்கட்டு. வெறும் தண்ணீர் அடித்தால் தூசி நனைவதில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பரப்பு இழுவிசை! டேங்கரில் சர்ஃபாக்டன்ட் என்கிற சோப்பு மருந்து கலந்தால்தான் தண்ணீர் வழிக்கு வரும். சூப்பர்வைசர் பால்துரை, "காத்தக் கரைச்சு அடிச்சா நனையாதா சார்?" என்றார். காற்று கரைவதால் இழுவிசை பெயருக்குத்தான் குறையும் என்று லேப் கெமிஸ்ட் பெருமையோடு விளக்கினேன். மாசமாக இருக்கும் சரண்யாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. நாளை டாக்டரிடம் போகவேண்டும்.

மார்ச் 6
ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பெண். என் முன்னங்கை நீளம்தான் இருப்பாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சு உள்ளே குழிகிறது.

டாக்டர் ஜெயஷீலா சொன்னார்: "நுரையீரல் பைக்குள்ள இருக்க ஈரத்தோட இழுவிசையைக் குறைக்கிற பொருள் இவளுக்கு இன்னும் ஊறல. அதான் பை ஒட்டிக்கிடுது." "ஆக்சிஜனக் கூட்டுங்க" என்றேன். "ஒட்டுன பைக்குள்ள ஆக்சிஜன் எங்கன போவும்? சர்ஃபாக்டன்ட் விடணும்." முந்தாநாள் பால்துரைக்குப் பாடம் எடுத்தவன் நான்தானா?

மார்ச் 7
குழாய் வழியாக மருந்து விட்டார்கள். குழிவது குறைந்திருக்கிறது. சரண்யா பீய்ச்சிக் கொடுத்த பால் டியூபில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் குடிப்பா, பாருங்க" என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 9
மறுபடி குழிகிறது. "இன்னும் விடுங்க டாக்டர், விடுங்க!" என்று கத்திவிட்டேன். "ரெண்டு தடவ குடுத்தாச்சு. இனி விட்டுப் பிரயோசனம் இல்ல. ரத்தத்துல கிருமி பரவிருச்சு." எனக்குத் தெரியாதா? டேங்கரிலும் ஒரு அளவுக்கு மேல் மருந்து போட்டால் இழுவிசை குறையாது, நுரைதான் பொங்கும். தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சேன்?

மார்ச் 10
பேர்கூட வைக்கல.

மார்ச் 13
சரண்யாவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல் வேறு. "மல்லியப்பூவ வச்சுக் கட்டுனா வத்திரும், வாங்கிட்டு வாங்க மாப்ள" என்று மாமியார் அனுப்பினார். மார்க்கெட்டில் உதிரிப்பூ நிறையக் கேட்டேன். பூக்காரம்மா சிரித்தபடி, "வீட்ல என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்றாள்.

"பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு" என்றேன்.

அவள் சந்தோஷமாக இன்னொரு கை பூ அள்ளிப் போட்டாள்.