தடித்த தந்தி

டேய் ஜெரால்ட்,

நம் ஜாஸ் ஃப்யூஷன் கிழவர், அந்த பேஸ் கிடார் ராட்சசர், பெங்களூருக்கு வாசிக்க வருகிறார். போன வருடமே வந்து தொலைத்திருக்கக் கூடாதா? இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி கல்லறைத் திருநாளன்று. உன் அம்மாவிடம் தயங்கித்தான் சொன்னேன். "கல்லறைல மெழுகுவத்திய நான் ஏத்திக்கறேன். ரெண்டு பேரும் பத்திரமா போயிட்டு வாங்க சாமி" என்றார்கள்.

உன் பேஸ் கிடார் திருச்செங்கோட்டில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தெருவில் போர்வெல் லாரி போனால் அதன் தடித்த தந்தி தானாக அதிரும். பழகிவிட்டது.

நேற்று டிக்கெட்டை அதனிடம் காட்டி, "வாரியாடா?" என்று கேட்டேன். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. தந்தி அதிர்ந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்குத்தான்.

உன் டிரம்மர்